எலிசபெத்தம்மாளின் முகம்

கோயில் பீடத்துணிகளை மினுக்குவது அருள்நாயகியின் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் லண்டன் நோர்பரி வீட்டின் முன்னறையில் பலகையை விரித்து, ஸ்திரிக்கைப்பெட்டிக்குத் தண்ணீர் நிரப்பி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி அதைச் செய்வாள். யாரும் கேட்டு அவளிடம் கொடுத்த வேலை இல்லை. பல வருடங்களுக்கு முன்பு ஒரு திருநாளன்று துணிகள் கசங்கிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த கிழமையிலிருந்து அவை ஒரு பிளாஸ்டிக் பையில் போடப்பட்டு, பூசை முடிந்து அவள் வாசலுக்கு வரும்போது கையில் வந்து ஏறின.

காலை ஐந்தரையிலிருந்து ஒரு மணிவரை ஸ்ட்ரெதத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நின்று விரிப்பு மடிக்கிறவள், வீட்டுக்கு வந்தும் ஏன் துணியோடு நிற்கிறாள் என்பது அவளுடைய கணவர் செபமாலைமுத்துவுக்கு விளங்கியதே இல்லை.

"அங்கை கிழடுகளுக்கு மடிக்கிறீர், இஞ்சை கடவுளுக்கு மடிக்கிறீர். எனக்கு ஒரு சேர்ட் மினுக்கித்தர ஆள் இல்லை" என்பார்.

அவருடைய சேர்ட்டும் அந்தக் குவியலின் அடியில்தான் கிடக்கும். கடைசியில் அதையும் மினுக்கி, கதவில் கொழுவிவிட்டு, கால் வீங்கிப்போய் சோபாவில் இருப்பாள். இரண்டாயிரத்து ஆறில் அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. மன்னாரிலிருந்து எண்பத்தொன்பதில் வந்தவள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிக் கேட்டவர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

தையல் அவளுக்குக் கொன்வென்ற்றில் வந்தது. பூத்தையலில் அவளுடைய கை அப்படியொரு நேர்த்தி. ஆனால் லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருடம், பொத்தான் தைத்ததைத் தவிர ஊசியைத் தொடவில்லை. தைப்பதற்கு என்ன இருந்தது? அவளுக்குப் பூ கீற, படம் வரைய வராது. யாராவது கீறித் தந்தால்தான் அவளுடைய ஊசி நகரும்.

கீறித் தர றஜீனா வந்தாள். ஜேர்மனியில் பதினாலு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று இரண்டாயிரத்து ஒன்றில் குடும்பத்தோடு லண்டனுக்கு மாறியவள். அருள்நாயகியைவிட ஆறு வயது இளமை. ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கேக் பகுதியில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் பெயர்களை ஐசிங்கால் எழுதுவாள். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் சபைத் தலைவர் சூசைதாசன் அறிவித்தல்கள் வாசித்துக்கொண்டிருக்கையில், பக்கத்தில் இருந்தவளின் பாட்டுத்தாளை அருள்நாயகி தற்செயலாகப் பார்த்தாள். தாளின் பின்பக்கத்தில் சூசைதாசனின் மீசை. மீசைக்குக் கீழே ஒரு சின்னச் சூசைதாசன் தொங்கிக்கொண்டிருந்தார். அருள்நாயகி கைலேஞ்சியை வாயில் வைத்து அமுக்கியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

"இருமும், இருமும்" என்றாள் றஜீனா. அருள்நாயகி இருமினாள்.

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் றஜீனா வரத் தொடங்கினாள். திருநாள் பவனியில் முன்னால் பிடித்துப் போகும் கொடிச்சீலைகளை இருவரும் செய்தார்கள். றஜீனா பெரிய தாளில் கீறுவாள். அந்தத் தாளை முன்னறைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் பட்டுத்துணியை ஒட்டினால், பகல் வெளிச்சத்தில் கோடுகள் துணியினூடாகத் தெரியும். அவற்றைப் பென்சிலால் துணிக்கு எடுப்பாள். பிறகு செபமாலைமுத்து செய்து கொடுத்த மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டுவார்கள். தைப்பது அருள்நாயகி. நாலு வருடத்தில் நாலு சீலை. ஒவ்வொன்றின் அடியிலும் பொன்னூலால் 'உபயம்' என்று பெரிதாக எழுதி, துணிக்கும் நூலுக்கும் கொடுத்த குடும்பத்தின் பெயர் வரும். கீறியவள் பெயரோ தைத்தவள் பெயரோ போடுகிற வழக்கம் இல்லை. அவர்களும் அதை யோசித்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறில் உபயம் சூசைதாசனுடைய வீட்டுக்காரி மரியபுஸ்பத்தினுடையது. முந்திய கார்த்திகையில் அவளுடைய தாய் இறந்திருந்தார். தாயின் நினைவாக, மடுமாதாவின் ஆடித் திருநாளுக்கு ஒரு புதுச்சீலை. திருச்சபையின் பழைய நாட்காட்டியில் அது மாதா தன் உறவுக்காரி எலிசபெத்தம்மாளைத் தேடிப்போய்ச் சந்தித்த நாள். அதையே கீறுவது என்று முடிவாயிற்று.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் நோர்பரியில் ரயில் ஏறி, விக்டோரியாவில் இறங்கி, பஸ் பிடித்து நகர நடுவிலுள்ள ஒரு பெரிய ஓவியக்கூடத்துக்குப் போனார்கள். உள்ளே போக ரிக்கற் இல்லை என்பதை அருள்நாயகி நம்பவில்லை.

"வெளியிலை வரேக்கை கேப்பாங்கள்" என்றாள்.

"கேட்டால் உம்மை வைச்சிட்டு நான் போறன்."

அருள்நாயகி வேலை முடிந்து நேரே வந்தவள். இரண்டாவது மண்டபத்திலேயே ஒரு தோல் மெத்தை வாங்கில் இருந்துவிட்டாள். சுற்றிவர எல்லாச் சுவரிலும் யாரோ யாரையோ குத்திக்கொண்டோ தூக்கிக்கொண்டோ இருந்தார்கள். கண் சொருகியது. றஜீனா எங்கெல்லாமோ போய்விட்டு வந்து அவளைக் கையில் பிடித்து எழுப்பினாள். போகிற வழியில் நின்று நின்று காட்டினாள். ஒரே மேசையில் இரண்டு பெண்கள். ஒருத்தி தைக்க, மற்றவள் ஏதோ வாசித்துக் காட்டுகிறாள். இன்னொன்றில் மூன்று பேர். ஒருத்தி நரம்பு வாத்தியத்தை மீட்ட, ஒருத்தி பாட, மூன்றாமவள் பாட்டுத்தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்தத் தாள் பிடிக்கிறவள்தான் நான்" என்றாள் அருள்நாயகி. "பாவம், கை நோகும்."

கடைசியில் றஜீனா தேடிவந்த படம். வாசற்படியில் இரண்டு பெண்கள். வயதானவள் படியிறங்கி வந்து இளையவளின் தோளைப் பிடித்திருக்கிறாள். மற்றக் கை இளையவளின் வயிற்றில். பின்னால் கதவு பாதி திறந்து கிடக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கீழ் மூலையில், அளவில் சின்னதாக, கறுப்புக் கோட்டோடு ஒரு மனிதர் முழங்காலில் நிற்கிறார்.

"இது ஆர், சூசையப்பரோ?"

"இல்லை. படத்துக்குக் காசு குடுத்தவர்."

"உபயமோ!"

"உபயம்தான். பேர் எழுதாமல் ஆளையே வைச்சிருக்கினம்."

"சூசைதாசன் அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும். மீசையோடை தைக்க ஏலாது எனக்கு."

சிரித்த சிரிப்பில் காவலுக்கு இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். றஜீனா சுவரிலிருந்த சின்ன அட்டையை வாசித்தாள். கீறியது யாரென்று தெரியாதாம். ஒரு பட்டறையில் பலபேர் சேர்ந்து செய்ததாம்.

"நான் ஜேர்மனியிலை இருந்த ஊர்க் கோயிலிலையும் இப்பிடி ரண்டு பேர் நிண்டவை" என்றாள் றஜீனா. "மரத்திலை செதுக்கினது. அப்ப எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது. பூசையும் விளங்காது. அவையைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு வருவன். ஒண்டு தெரியுமோ, பிள்ளை பிறக்குமெண்டு சம்மனசு வந்து சொன்ன உடனை மாதா பாடேல்லை. வீட்டிலை தனிய இருக்கேக்கை பாடேல்லை. இவளின்ர வாசலுக்கு வந்து, இவள் முகத்தைப் பாத்த பிறகுதான் அந்தப் பாட்டு வந்தது."

"மலை ஏறி நடந்து வந்த களைப்பிலை பாட்டு வேறை" என்றாள் அருள்நாயகி. "நானெண்டால் முதல் தண்ணி கேட்டிருப்பன்."

மார்ச்சில் றஜீனா கீறி முடித்தாள். சட்டம் அந்த வருடம் பெரிது. முன்னறையில் ஒரு பக்கம் மேசையிலும் மறுபக்கம் சோபாக் கையிலும் தாங்கவைத்தார்கள். வெளிச்சம் சன்னலிலிருந்து வருவதால் அருள்நாயகி தலைமாட்டில் இருந்துதான் தைக்கமுடியும். அதனால் உருவங்கள் அவளுக்குத் தலைகீழ். அது அவளுக்குப் பழக்கம். நேரே வைத்தால் கண் தைக்கும்போது அந்தக் கண் தன்னைப் பார்ப்பதுபோல் கை கூசும். தலைகீழாக இருந்தால் அது வெறும் நூல். இது பழுப்பு, இது மண்நிறம், இந்தப் பக்கம் நீளத் தையல், அந்தப் பக்கம் கட்டைத் தையல்.

எலிசபெத்தம்மாளின் இடப் புருவத்தில் ஒரு குறுக்குக் கோடு கிடந்தது.

"இது என்ன கோடு?"

"கிழவிக்குச் சுருக்கு வேண்டாமோ? தையும்."

தைத்தாள். மூன்று மாதம், சலவை அறையிலிருந்து வந்து, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு மணித்தியாலம். சில நாள் ஊசி கையில் இருக்க அப்படியே நித்திரையாகிவிடுவாள். செபமாலைமுத்து வந்து ஊசியை எடுத்துக் குத்தி வைப்பார். வியாழக்கிழமைகளில் மட்டும் நித்திரை வராது. றஜீனா பக்கத்தில் இருந்து நூல் பிரித்துக் கொடுப்பாள். கேக்கில் அன்றைக்கு எழுதிய பெயர்களைச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். மாதாவின் முகத்தைக் குனிந்த கண்களோடு பொதுவாகக் கீறியிருந்தாள்.

"மாதாவுக்கு உம்மடை மூக்கை வைச்சிருக்கலாம்" என்று அருள்நாயகி ஒருநாள் பகிடி விட்டாள்.

"கீறுறவள் அங்கை போய் நிண்டால் பிறகு ஆர் கீறுறது?" என்றாள் றஜீனா.

ஜூன் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சீலையைக் கம்பில் ஏற்றித் தூக்கினார்கள். றஜீனாவுக்கு அன்று வேலை, வரவில்லை. துணி நிமிர்ந்ததும் எல்லோரும் கிட்ட வந்து பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"ஐயோ, அது எங்கடை அருள்நாயகி அக்காவெல்லே!"

புருவத்து வெட்டுத் தழும்பு, அகன்ற நெற்றி, கீழுதட்டின் ஒரு பக்கச் சரிவு, எல்லாம் அவளுடையவை. சின்னப்பிள்ளைகள்கூட அவளையும் சீலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பூசை வைத்த சுவாமி சிரித்துவிட்டார். அருள்நாயகி தேநீர்க் கோப்பைகள் இருந்த தட்டோடு அப்படியே நின்றாள். மூன்று மாதம் ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தைத்த முகம். அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

மரியபுஸ்பம் சிரிக்கவில்லை. மண்டபத்துக் குசினிக்குள் வந்து, கோப்பைகளைக் கழுவுவதுபோல் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள்.

"அம்மான்ர நினைவுக்கு எண்டு குடுத்தது, அக்கா. நான் உங்களைக் குறைவாய்ச் சொல்லேல்லை. ஆனால் சனம் ஆரைக் கும்பிடப்போகுது, சொல்லுங்கோ."

"நானும் அதைத்தான் யோசிக்கிறன்" என்றாள் அருள்நாயகி. அது உண்மையும்கூட. காதுமடல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

சூசைதாசன் குசினி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அவசரமில்லை. திருநாளுக்கு மூண்டு கிழமை கிடக்கு. றஜீனாவோடை ஒருக்காக் கதைச்சு, முகத்தை மட்டும் மாத்த ஏலுமோ பாருங்கோ. அவவின்ர மனமும் நோகக்கூடாது."

"ஓம் அண்ணை" என்றாள்.

செபமாலைமுத்து காரை ஓட்டிவந்து நிறுத்தினார். வீட்டு வாசலில் வைத்துத்தான், "நல்லாய்த்தான் கீறியிருக்கிறாள்" என்றார். "என்ன, நீர் வீட்டிலை அப்பிடிச் சிரிக்கிறேல்லை."

திங்கட்கிழமை வேலையால் வந்ததும் சட்டத்தில் சீலையைத் திரும்பக் கட்டினாள். றஜீனாவுக்குப் போன் எடுக்கவேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்திருந்தாள். எடுத்தால் அவள் கோபத்தோடு வருவாள். மரியபுஸ்பத்திடம் போவாள், சுவாமியிடம் போவாள், ஓவியக்கூடத்துப் படங்களையெல்லாம் சாட்சிக்கு இழுப்பாள். அந்தச் சண்டையின் நடுவில் நிற்க அருள்நாயகிக்குக் காலில் பலம் இல்லை. தையலைப் பிரித்துவிட்டால் பேச ஒன்றும் இருக்காது என்று நினைத்தாள்.

பிரிப்பதற்கு முன்னால், முதல் தடவையாகக் கால்மாட்டில் போய் நின்று முகத்தை நேரே பார்த்தாள். கதவைத் திறந்து, வந்தவளைக் கண்டு, முகம் முழுக்க மலர்ந்துபோய் நிற்கும் ஒருத்தி. களைத்தவள்தான், கண்ணுக்குக் கீழே றஜீனா நிழல் வைத்திருந்தாள், தானே அதைச் சாம்பல் நூலால் நிரப்பியிருந்தாள். ஆனால் அந்த மலர்ச்சி தன்னிடம் இருப்பதாக அருள்நாயகிக்குத் தெரியாது. குளியலறைக் கண்ணாடியில் அது வந்ததில்லை. சலவை அறையில் யாரும் அதைக் கண்டிருக்க முடியாது. எங்கே பார்த்துக் கீறினாள் என்று யோசித்தாள். வியாழக்கிழமைகளில் கதவைத் திறப்பது யார், வெளியே நிற்பது யார் என்று நினைத்ததும் சோபாவில் இருந்துவிட்டாள். ஒரு மணித்தியாலம் இருந்திருப்பாள். பிறகு தலைமாட்டுக்கு வந்து, சின்னக் கத்தரியை எடுத்துப் புருவத்திலிருந்து தொடங்கினாள்.

பாதியில் போன் அடித்தது.

"எப்பிடியாம் சனம்? தூக்கினவையோ?" றஜீனாவின் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

"தூக்கினவை."

"என்ன சொன்னவை?"

"எல்லாரும் பாத்தவை."

"நீர் என்ன சொல்லுறீர்?"

"அடுப்பிலை சோறு கிடக்கு, றஜீனா. புதன்கிழமை வாருமன், கதைப்பம்."

"சரி" என்றாள் றஜீனா. "வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"வாரும்" என்றாள் அருள்நாயகி. அடுப்பில் சோறு இல்லை.

புதன்கிழமை நாலு மணிக்கு றஜீனா வேலை உடுப்போடு வந்தாள். கைமடிப்பில் இளஞ்சிவப்பு ஐசிங் காய்ந்திருந்தது. அருள்நாயகி கதவைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். முன்னறையில் சட்டம் கிடந்தது. மாதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே எலிசபெத்தம்மாளின் முக்காட்டுக்குள் வெறும் பட்டு, ஊசி போய்வந்த துளைகளோடு.

றஜீனா குனிந்து விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்ப?"

"திங்கள் துவங்கினது. நேற்று முடிஞ்சுது."

"திங்கள் நான் போன் எடுத்தனான்."

"ஓம்."

"கையிலை கத்தரியை வைச்சுக்கொண்டோ என்னோடை கதைச்சனீர்?"

"தேத்தண்ணி போடட்டோ?"

"வேண்டாம். ஆர் சொன்னது பிரிக்கச் சொல்லி? மரியபுஸ்பமோ?"

"அவ பாவம். தாய் செத்து ஏழு மாதம். உம்மோடை கதைச்சுச் செய்யச் சொல்லித்தான் அண்ணையும் சொன்னவர்." அருள்நாயகி சோபாவின் நுனியில் இருந்தாள். "என்ர முகத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சனம் கும்பிடுறதோ? எனக்குக் கூச்சமாய்க் கிடந்தது."

"கூச்சமெண்டு எனக்கெல்லே சொல்லியிருக்கவேணும். நான் வந்து சண்டை பிடிச்சிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

றஜீனா கைப்பையைக் கீழே வைத்தாள். கோட்டைக் கழற்றாமலேயே கதிரையை இழுத்துப் போட்டாள்.

"பென்சிலைத் தாரும்."

பத்து நிமிடம் ஆகவில்லை. துளைகளுக்கு மேலாக ஒரு முகம் வந்தது. வயதான, அமைதியான, மேலே பார்க்கும் கண்களோடு, கலண்டரில் வரும் முகம். மூக்கு நேர். புருவம் நேர். யாருக்கும் ஒரு குறையும் சொல்ல வராது.

அருள்நாயகிக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. இவள் கோபித்துக்கொண்டு போகாமல் கீறிவிட்டாள். இனி மூன்று கிழமையில் தைத்துவிடலாம். எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நல்லாய்க் கிடக்கு" என்றாள்.

றஜீனா பென்சிலை மேசையில் வைத்தாள்.

"இதுக்கு மட்டும் சொல்லுறீர்" என்றாள்.

அருள்நாயகி சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் நூல்பெட்டியைத் திறந்தாள். மண்நிறம் எடுத்தாள். நுனியை வாயில் வைத்து நனைத்தாள்.

"சனத்தை விடும். உபயத்தை விடும். பிரிச்சதையும் விடும், அது உம்மடை முகம், நீர் பிரிக்கலாம்." றஜீனா எழுந்து கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்த ஒருத்தியின் குரல்தான் அது. "பிரிக்க முதல் நீர் அதை ஒருக்கா நேரை நிண்டு பாத்தனீரோ? பாத்திட்டு என்ன நினைச்சனீர்?"

பார்த்தேன் என்று சொன்னால் பார்த்துவிட்டும் பிரித்தாய் என்று ஆகும். பார்க்கவில்லை என்றால் அது பொய். அந்த ஒரு மணித்தியாலத்தை எந்த இடத்தில் பிடித்துச் சொல்லத் தொடங்குவது என்று அருள்நாயகிக்குத் தெரியவில்லை. நூல் ஊசிக்கண்ணில் ஏறவில்லை. இன்னொரு தரம் நனைத்தாள்.

றஜீனா கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். கதவடியில் ஒருகணம் காத்து நின்றாள். பிறகு முன்னறையை விட்டுப் போனாள்.